அண்ணனுக்கு, ஓசூர் கிளம்பறதுக்கு முன்னால

அண்ணா,

ஓசூர்ல வீடு பாத்துட்டேன். தரைத்தளம். அட்வான்ஸ் குடுத்தாச்சு, ஜூன் முதல் வாரம் போறேன். நேர்ல சொல்லியிருக்கணும்னு கோவப்படுவே. மன்னிச்சுக்கோ. ஆனா நேர்ல சொன்னா நீ சாப்பாட்டுத் தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்து தோப்புக்குப் போயிடுவே, அம்மா என் முகத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, நானும் "சரி, போகல"ன்னு சொல்லிடுவேன். முன்னாடியும் அப்படித்தானே ஆச்சு?

இதை எல்லாரும் படிக்கற மாதிரி ஏன் எழுதறேன்னு கேப்பே. இன்னைக்கு மே 30, உலக எம்.எஸ். தினம். எனக்கு இருக்கற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கற நரம்பு நோயத்தான் சுருக்கமா எம்.எஸ்.னு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் ஆரஞ்சு ரிப்பன் படம் போட்டுட்டிருக்காங்க. அவங்கள்ல பாதிப்பேர் வீட்ல உன்னை மாதிரி ஒரு அண்ணன், இல்ல புருஷன், இல்ல அப்பா இருக்காங்க. பாசம் ரொம்ப அதிகமா இருக்கறவங்க.

ஆஸ்பத்திரி, ஸ்கேன் எல்லாம் நீ கூடவே இருந்து பாத்தது. அந்த மே மாசத்தை மட்டும் உனக்கு என் பக்கமிருந்து சொல்லணும்.

தோப்புல பெங்களூரா மாங்காய் இறக்கிட்டிருந்தாங்க. பதினோரு மணி வெயில். "ஃபேனுக்கு அடியிலயே உக்காந்தா காலு மரத்துத்தான் போகும், வா நடந்தே போலாம்"னு ஏரிக்கரை மேல கூட்டிட்டுப் போனே. பாதி தூரத்துல வலது கண்ணு மங்குச்சு. முதல்ல சிவப்புதான் போச்சு. நீ தோள்ல போட்டிருந்த சிவப்புத் துண்டு வெளுத்துக்கிட்டே வந்துச்சு. அப்புறம் இடது பாதம் தூக்க வரல. செருப்பு மண்ணுல இழுபட்டுக் கழண்டது கூட எனக்குத் தெரியல, சுடு மண்ணு காலுக்கு உறைக்கவே இல்ல. நீ திரும்பிப் பாத்தே. காய் பொறுக்கறவங்க அத்தனை பேரும் நிக்கறப்போ, "நடிக்காத பாப்பா, நடந்து வா"ன்னே.

வேலைக்கு வந்த ஒரு அக்காதான் காய்ப் பெட்டியக் கவுத்துப் போட்டு உக்கார வச்சாங்க. துண்டை நனைச்சுக் கழுத்துல சுத்திவிட்டாங்க. அரை மணி நேரத்துல கண்ணு தெளிஞ்சுது, காலும் வந்துடுச்சு. அதைப் பாத்துட்டு நீ கேட்டே: "இப்போ நல்லாத்தானே இருக்கே?"

நல்லாத்தான் ஆகும்ண்ணா. இந்த நோயில அது அப்படித்தான். நரம்பைச் சுத்தியிருக்கற மையலின் உறைய நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அரிச்சுடுது. உறை போன நரம்புல, உடம்புச்சூடு அரை டிகிரி ஏறினாலே சேதி போறது தடுமாறும். சூடு இறங்கினா பழையபடி வந்துடும், அதனால புதுசா எதுவும் கெட்டுப்போறதில்ல. 1890லயே ஊட்ஹோஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் இதை எழுதி வச்சிருக்காரு. உடம்பை அசைச்சு உழைக்கறதாலதான் பார்வை மங்குதுன்னு அவரு நினைச்சாரு. சூடுதான் காரணம்னு பின்னால வந்தவங்க கண்டுபிடிச்சாங்க. எம்.எஸ். இருக்கறவங்க உடற்பயிற்சியே பண்ணக்கூடாதுன்னு ரொம்ப வருஷம் சொல்லிட்டிருந்தாங்க. இப்போ பண்ணச் சொல்றாங்க. பண்ணினா சோர்வு குறையுது, நடை தேறுது. நீ நடக்கச் சொன்னது சரி. அந்த வெயில்ல நடக்கச் சொன்னதுதான் தப்பு. "வெயில்லதான வைட்டமின் டி இருக்கு"ன்னு நீ சொன்னதும் சும்மா இல்ல, அது குறைஞ்சவங்களுக்கு இந்த நோய் அதிகமா வருது. எனக்கு அது மாத்திரையாவே வருது. மத்தியானம் பொடி மண்ணுல நின்னு வாங்க வேண்டியதில்ல.

நீ சிகரெட்டை விட்டதைப் பத்தி நான் ஒரு நாளும் பேசினதில்ல. புகை பிடிச்சா எம்.எஸ். சீக்கிரம் முத்தும்னு டாக்டர் பொதுவாத்தான் சொன்னாரு. எனக்கு அந்தப் பழக்கமே இல்ல. அன்னைக்கு சாயங்காலம் நீ மாட்டுக்கொட்டாய் பின்னால போயி, பாக்கெட்டைத் தண்ணித் தொட்டியில அமுக்கிப் பிடிச்சுட்டு நின்னதை ஜன்னல் வழியா பாத்தேன். அதுக்கப்புறம் உன் சட்டையில ஒரு நாளும் அந்த வாசம் வரல.

அதே கைதான் என் ஊசிய ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து வெளிய வச்சுது. களியும் சாமைச் சோறும் மூணு மாசம் சாப்பிட்டா ஊசியே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாராம். அவரு யாருன்னு இங்க எழுத மாட்டேன். களிய நான் எப்ப வேண்டாம்னேன்? ராகியில சுண்ணாம்புச் சத்து இருக்கு, நார்ச்சத்து இருக்கு, எனக்கு நல்லதுதான். ஆனா எந்தச் சாப்பாடும் எம்.எஸ்.ஸ குணப்படுத்தினதா யாரும் நிரூபிக்கல. நோய் மறுபடி மறுபடி தாக்கறதைக் குறைக்கறது அந்த ஊசிதான். கெட்டுப்போன ஊசியக் கையில வச்சுட்டு அன்னைக்கு ராத்திரி நான் உன்னை எவ்வளவு வெறுத்தேன்னு உனக்குத் தெரியாது.

"சின்ன வயசுல ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இது வந்திருக்குமா?"ன்னு பெரியம்மா முன்னால கேட்டியே, அதுக்கும் சொல்லிடறேன். 2022ல அமெரிக்க ராணுவத்துல 1 கோடிப் பேருக்கு மேல வச்சுப் பண்ணின ஆராய்ச்சியில, எப்ஸ்டீன்-பார்ங்கற வைரஸ் தொத்தினப்புறம் எம்.எஸ். வர்ற வாய்ப்பு 32 மடங்கு ஏறுதுன்னு தெரிஞ்சுது. அந்த வைரஸ் கிட்டத்தட்ட எல்லார் உடம்புலயும் இருக்கு, உனக்கும் இருக்கும். அதுல சிலருக்கு மட்டும்தான் இது வருது. நான் தட்டுல மிச்சம் வச்ச சோத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப் போட்டுட்டேன். 2016 சட்டத்துல இருக்கற 21 வகையில எம்.எஸ்.ஸும் ஒண்ணு. வேண்டாம்னு நீ சொன்னதுக்குக் காரணம் ரெண்டு பேருக்கும் தெரியும். என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்களும் இதைப் படிக்கலாம், அதனால இதோட விடறேன். ஒண்ணு மட்டும்: அவங்க போனதுல எனக்கு வருத்தமில்ல, நீ அவங்ககிட்ட "லேசான நரம்புத் தளர்ச்சி"ன்னு சொன்னதுலதான் வருத்தம்.

ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உசரத்துல இருக்கு. காவேரிப்பட்டணத்து மே மாசம் அங்க இல்ல. காலையில நடப்பேன், ஊசி போட்டுப்பேன், வேலைக்குப் போவேன். அம்மாவோட பிரஷர் மாத்திரை தீர்ற தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன், பாத்து வாங்கிக் குடு. டெம்போவுக்குச் சொல்லியாச்சு. நீ வராட்டியும் கிளம்புவேன். வர்றதா இருந்தா காலையில ஆறு மணிக்குள்ள சாமான் ஏத்தி முடிக்கணும், அதுக்கு மேல வெயில் ஏறிடும்.

பாப்பா