நாயும் பூனையும் இருக்கும் வீட்டுக்கு எந்தச் செடி?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதத்திலிருந்து எங்கள் நர்சரியில் ஒவ்வொரு தொட்டியிலும் இரண்டு பெயர் எழுதிய அட்டை செருகியிருக்கும். மேலே நாம் எல்லோரும் சொல்லும் பெயர், கீழே தாவரவியல் பெயர். பில் போடுவதற்கு முன்னால் "வீட்டில் நாய், பூனை ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்று ஒரு கேள்வியும் கேட்போம். எதற்கு இந்தப் புது வழக்கம் என்று சிலர் கேட்டீர்கள். அதற்கான பதில்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் பீஸ் லில்லி வாங்க வந்தார். வீட்டில் பூனைக்குட்டி இருந்தது. "லில்லி பூனைக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?" என்று சரியாகத்தான் கேட்டார். "இது பேர்லதான் லில்லி, நிஜ லில்லி இல்லை. பயப்படாம எடுத்துட்டுப் போங்க" என்று நாங்கள் சொன்னோம். சொன்னது பொய் இல்லை. பீஸ் லில்லிக்கும் உண்மையான லில்லிக்கும் உறவே கிடையாது. ஆனால் பாதியைத்தான் சொன்னோம். மறுநாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. குட்டி இலை நுனியைக் கடித்துவிட்டது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிகிறது. முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் காட்டினார்கள், சாயங்காலத்துக்குள் தேறிவிட்டது. அவர் எங்களைத் திட்டவில்லை. "கேட்டுத்தானே வாங்கினேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு அன்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. பீஸ் லில்லியின் இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, ஊசி வடிவப் படிகங்களாகக் கட்டுக்கட்டாக அடைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கியில் வைத்தால் குண்டூசிக் கட்டு மாதிரியே இருக்கும். பிராணி இலையைக் கடித்து மெல்லும்போது அந்த ஊசிகள் தெறித்து நாக்கிலும் ஈறிலும் தொண்டையிலும் குத்துகின்றன. எச்சில் வடிவதும், வாய் வீங்குவதும், சாப்பிட மறுப்பதும் அதனால்தான். வலி உடனே தெரிந்துவிடுவதால் பெரும்பாலும் ஒரு கடியோடு நிறுத்திவிடும். உயிருக்கு ஆபத்தாவது அபூர்வம். ஆனால் தொண்டை வீங்கி மூச்சுவிடச் சிரமப்பட்டால் தாமதிக்கக் கூடாது.

இதே ஊசிப் படிகங்கள் இருக்கும் செடிகளின் வரிசை நீளமானது. மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, சின்கோனியம், அக்லோனிமா, ஆந்தூரியம், கலேடியம், டைஃபன்பேக்கியா என்று வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளில் பாதி இந்தக் குடும்பம்தான். எங்கள் விற்பனையிலும் பெரும்பங்கு இவைதான். இவற்றை விற்பதை நிறுத்தப்போவதில்லை. வளர்ந்த, நிதானமான நாய் இருக்கும் வீட்டில் மணி பிளான்ட்டை உயரத்தில் தொங்கவிட்டு, கீழே இறங்கும் கொடியை அவ்வப்போது வெட்டிவிட்டால் போதும். பல் முளைக்கும் வயதில் குட்டி இருந்தால் ஒரு வருஷம் பொறுத்து வாங்குங்கள் என்று சொல்வோம். பூனை விஷயம் வேறு. பூனைக்கு எட்டாத உயரம் என்று வீட்டுக்குள் ஒன்று கிடையாது.

இனி உண்மையான லில்லிக்கு வருவோம். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஈஸ்டர் லில்லி, ஏஷியாட்டிக் லில்லி, ஓரியண்டல் லில்லி, டைகர் லில்லி, அப்புறம் உண்மையான லில்லி இல்லாவிட்டாலும் பூனைக்கு அதே ஆபத்துள்ள டே லில்லி: பூனை இருக்கும் வீட்டுக்கு இவற்றில் எதையும் தரமாட்டோம். செடியாகவும் தரமாட்டோம், பூங்கொத்திலும் வைக்கமாட்டோம். இலை, தண்டு, இதழ், மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் என எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். கடித்துத் தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. லில்லிப் பூவின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் தொங்கும் மகரந்தப் பைகளைப் பார்த்திருப்பீர்கள். விரலால் லேசாகத் தொட்டாலே கறை பிடித்துக்கொள்ளும். பூனை அந்த வழியாக உரசிக்கொண்டு போகிறது, தோளிலும் முதுகிலும் தூள் ஒட்டுகிறது. பூனையின் வழக்கப்படி உட்கார்ந்து உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறது. அவ்வளவு போதும்.

இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. முதல் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். பிறகு வாந்தி நின்று தேறிவிட்ட மாதிரி தெரியும். அந்த நேரத்தில்தான் உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் முழுமையாகச் செயலிழந்துவிடலாம். முதல் 18 மணி நேரத்துக்குள் சலைன் ஏற்றிச் சிகிச்சை தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் லில்லியைக் கடித்தது என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியும்வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். நாய்க்கு இதே லில்லி பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். சிறுநீரகத்தைத் தாக்குவது பூனையைத்தான்.

நாய் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டிய செடி வேறு: சைகஸ். சேகோ பாம் என்றும் சொல்வார்கள். பாம் என்ற பெயரை நம்பாதீர்கள், அது பனைக் குடும்பமே இல்லை. அதில் உள்ள சைகசின் என்ற நஞ்சு நாயின் கல்லீரலை அழிக்கும். செடி முழுக்க இருந்தாலும் விதையில் மிக அதிகம். ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக இருக்கும் அந்த விதை நாய்க்கு விளையாட்டுப் பொருள் மாதிரி தெரிவதுதான் கொடுமை. வீட்டுக்குள் பாம் வேண்டுமென்றால் அரேகா பாம் அல்லது பார்லர் பாம் வாங்குங்கள். இரண்டுமே நாய்க்கும் பூனைக்கும் பாதுகாப்பானவை. கையால் தொட்டாலே வித்தியாசம் தெரியும். அரேகா ஓலை மெத்தென்று வளையும். சைகஸ் ஓலை விறைப்பாக இருக்கும், நுனி குத்தும்.

பெயரால் வரும் குழப்பம் இதோடு முடியவில்லை. மூங்கில் நாய்க்கும் பூனைக்கும் தீங்கில்லாதது. ஆனால் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைக்கும் லக்கி பாம்பூ மூங்கிலே இல்லை, டிரசீனா. பூனை அதைத் தின்றால் வாந்தி எடுக்கும், கண்ணின் பாப்பா விரிந்துவிடும். தண்டை வெட்டிப் பார்த்தால் புரிந்துவிடும்: மூங்கில் உள்ளே குழாயாக இருக்கும், இது கெட்டியாக இருக்கும். பாஸ்டன் ஃபெர்ன் நல்ல செடி, பயமில்லாமல் வைக்கலாம். அஸ்பராகஸ் ஃபெர்ன் என்று விற்பது ஃபெர்னே இல்லை. அதில் சிவப்பாகக் குட்டிக் குட்டிப் பழங்கள் வரும், அவற்றைத் தின்றால் வாந்தியும் பேதியும் நிச்சயம். நினைவில் வைக்க ஒரு வழி சொல்கிறோம்: பெரணி, அதாவது ஃபெர்ன், பூக்காது, காய்க்காது. பழம் தெரிந்தால் அது பெரணி இல்லை.

கற்றாழையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். மனிதர் மருந்தாகப் பூசிக்கொள்வதால் பிராணிக்கும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். இலையைக் கீறியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் கசியுமே, அது நாய் பூனைக்குக் கடும் பேதியை உண்டாக்கும். அதே அழகில் ஒன்று வேண்டுமென்றால் ஹவொர்தியா இருக்கிறது. கற்றாழையின் குட்டித் தங்கை போல இருக்கும், இலையில் வெள்ளை வரி ஓடும், கைப்பிடி அளவுக்கு மேல் வளராது, பிராணிகளுக்கு ஒன்றும் செய்யாது. சதைப்பற்றுச் செடிகளில் எச்சிவேரியாவும் அப்படித்தான். ஆனால் அதே அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும் ஜேட் ஆகாது. கலாங்கோ இதயத்தையே பாதிக்கும்; அடீனியமும் அரளியும் அதே ரகம், இன்னும் கடுமை. இந்த மூன்றையும் இனி தனி அலமாரியில் வைக்கிறோம்.

ஸ்னேக் பிளான்ட், அதாவது மருள், நடுத்தரம். அதில் சபோனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. தின்றால் வாந்தி, பேதி வரும், உயிர் போகாது. இலை தடிப்பாகவும் நாராகவும் இருப்பதால் நிறைய பிராணிகள் அதைச் சீண்டுவதில்லை. ஆனாலும் கேட்டால் வேண்டாம் என்றே சொல்வோம்.

சரி, எதைத்தான் வாங்குவது? நாங்கள் முதலில் கையில் எடுத்துக் கொடுப்பது ஸ்பைடர் பிளான்ட். பூனைகளுக்கு அதன் நீண்டு தொங்கும் இலைமேல் ஒரு மோகம். கடிக்கும், இழுக்கும், செடி கந்தலாகிவிடும். பூனைக்கு ஒன்றும் ஆகாது. செடியும் சளைக்காது, அடியிலிருந்து திரும்பத் தழைத்துவிடும். நிறமும் கோலமும் வேண்டுவோருக்குக் கலத்தியாவும் மராண்டாவும். மராண்டா இரவில் இலைகளைக் கைகூப்புவது போல மேலே மடக்கி, காலையில் விரிக்கும். ஒருநாள் விளக்கை அணைத்த பிறகு போய்ப் பாருங்கள். வெளிச்சம் குறைந்த மூலைக்கு ஆஸ்பிடிஸ்ட்ரா, மேசைக்கு பெப்பரோமியா, பூ வேண்டுமென்றால் ஆப்பிரிக்கன் வயலட் அல்லது ஃபெலனாப்சிஸ் ஆர்கிட், தொங்கவிட ஹோயா. கிறிஸ்துமஸ் கேக்டஸும் சேர்த்துக்கொள்ளலாம், அதில் முள் தொந்தரவு இல்லை.

பாதுகாப்பான செடி என்றால் தின்னக் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. எந்த இலையையும் வயிறு நிறையத் தின்றால் பூனை வாந்தி எடுக்கத்தான் செய்யும். புல்லும் இலையும் கடிப்பது நாய்க்கும் பூனைக்கும் பிறவிக் குணம். திட்டி மாற்ற முடியாது. அதற்கென்றே ஒரு தட்டில் கோதுமையோ பார்லியோ விதைத்து விடுங்கள். பத்து நாளில் விரல் நீளத்துக்குப் புல் வந்துவிடும். அது கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் மற்றச் செடிகளின் பக்கம் போவது பல வீடுகளில் குறைந்திருக்கிறது.

செடியைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு மண்ணில் கோட்டைவிடுவதையும் பார்க்கிறோம். எங்களைக் கேட்டால் இலையைவிட உரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு தங்கியிருக்கக்கூடும். நன்றாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால் அது செயலிழக்கும். பதப்படுத்தினார்களா என்பது மூட்டையைப் பார்த்தால் தெரியாது. எலும்புத்தூள் வாசனைக்கு நாய் தொட்டியையே தோண்டும்; நிறையத் தின்றால் வயிற்றில் கட்டியாக இறுகி அடைத்துக்கொள்ளும். மண்ணை மூடப் பரப்பும் கோகோ ஓட்டு மூடாக்கில் சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் இருக்கிறது, நாய்க்கு ஆகவே ஆகாது. நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணை வலிப்பை உண்டாக்கும். அதனால் பிராணி உள்ள வீடுகளுக்குத் தரும் தொட்டிகளில் இனி ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் கலக்கமாட்டோம். மட்கிய இலை உரமும் மண்புழு உரமும் மட்டும்தான். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரில் உரம் கரைந்திருக்கும், அதையும் கொட்டிவிடுங்கள். மண்மேல் பரப்பும் கூழாங்கல் குட்டி நாய் விழுங்கும் அளவில் இருந்தால் வேண்டாம்.

எதையாவது கடித்துவிட்டால்: வாயில் மிச்சம் இருக்கும் இலையை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள். உடம்பில் மகரந்தம் ஒட்டியிருந்தால் நக்குவதற்குள் கழுவிவிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே தனி நஞ்சாகிவிடும். மருத்துவரிடம் போகும்போது செடியின் ஒரு கிளையையும் எங்கள் அட்டையையும் எடுத்துப் போங்கள். கடித்தது லில்லியா பீஸ் லில்லியா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும். இரண்டு பெயர் எழுதுவது முக்கியமாக இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

நாங்கள் அட்டை எழுதும்போது ஒப்பிட்டுப் பார்ப்பது அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணி நல அமைப்பு வெளியிட்டுள்ள செடிப் பட்டியல். நாய், பூனை, குதிரை மூன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லியிருப்பார்கள். முயல், கிளி வளர்ப்பவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் செடியின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஏற்கெனவே எங்களிடம் வாங்கிய செடி என்னவென்று தெரியாவிட்டால் படம் எடுத்து அனுப்புங்கள், பெயரை எழுதி அனுப்புகிறோம். பூனை இருக்கும் வீட்டில் எங்களிடம் வாங்கிய லில்லி இருந்தால், அல்லது நாய் இருக்கும் வீட்டில் சைகஸ் இருந்தால், பில் இல்லாவிட்டாலும் கொண்டுவாருங்கள். அதே அளவில் வேறு செடி மாற்றித் தருகிறோம். லில்லி பூத்திருந்தால் எடுத்து வருவதற்கு முன் பூக்களை ஒரு பையால் மூடிக் கட்டிவிடுங்கள். வரும் வழியில் தூள் வீட்டில் சிந்த வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நர்சரியினர்