ஏப்புழையை யன்னல் என்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வெளியான ஸ்கொட்லாந்துக் கோட்டைகள் பற்றிய கட்டுரையை விருப்பத்துடன் வாசித்தேன். ஆயினும், அம்பு எய்வதற்காகச் சுவரில் விடப்பட்ட பிளவை 'ஒடுங்கிய யன்னல்' என்று குறிப்பிட்டு, வில்லாளி அதன் வழியே நேர் எதிரே மட்டுமே எய்தான் என்று எழுதியிருப்பது பொருந்தாது. 'ஏ' என்றால் அம்பு, 'புழை' என்றால் துளை. 'ஏப்புழை' என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கையில் யன்னலை இரவல் வாங்கத் தேவையில்லை.

ஏப்புழையின் நுட்பம் சுவரின் உட்புறத்திலேயே இருக்கிறது. வெளியே சில அங்குல அகலமே உள்ள பிளவு, தடித்த சுவருக்குள் உள்நோக்கி விரிந்து செல்வதால், வில்லாளி இடமும் வலமும் நகர்ந்து நின்று குறிவைக்கலாம். நெடுவில் ஏறக்குறைய ஆளுயரம் உடையதாகையால் அதற்குச் சுவருக்குள் உயரமான மாடம் வேண்டும். கிடையாகப் பிடித்து எய்யும் குறுக்குவில்லுக்கோ அகலம்தான் வேண்டும். சுவரடிக்கே வந்துவிட்ட எதிரியை மேலிருந்து எய்பவன் தன் உடலை வெளியே நீட்டியாக வேண்டும். முன்தள்ளி நிற்கும் கோபுரத்தில் இருப்பவன் மறைவில் நின்றபடியே சுவரை ஒட்டி எய்வான். முக்கோண வடிவான கார்லாவரொக் கோட்டையின் மூலைக் கோபுரங்கள் அவ்வாறு அமைந்தவை. 1300இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வேர்ட் மன்னனின் பெரும்படையை உள்ளிருந்து எதிர்த்தவர்கள் ஏறத்தாழ 60 பேர்தான். கல்லெறி பொறிகள் தாக்கிய பின்னரே அவர்கள் பணிந்தனர்.

வெடிமருந்து வந்ததும் வில் மறைந்தது என்பதும் சரியன்று. திரீவ் கோட்டையைச் சுற்றி 1447ஆம் ஆண்டளவில் எழுந்த வெளிமதிலில் செங்குத்துப் பிளவுகளும், மூலைக் கோபுரங்களில் பீரங்கித் துளைகளும் சேர்ந்தே உள்ளன. அதற்கு முன்னர், 1424இல், ஸ்கொட்லாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸின் பாராளுமன்றம் உதைபந்தாட்டத்தைத் தடைசெய்து, 12 வயது முதல் விற்பயிற்சி பெறுமாறு பணித்தது.

எங்கள் பூநகரிக் கோட்டையையும் இக்கண்கொண்டு பார்க்கலாம். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த அந்தச் சதுரக் கோட்டைக்கு எதிரெதிர் மூலைகளில், சுவரைத் தாண்டி முன்தள்ளி நிற்கும் காவல் அரண்களான கொத்தளங்கள் இரண்டே. மாணவர்களை அங்கே கூட்டிச்சென்ற நாட்களில், "மற்ற இரண்டும் எங்கே, சேர்?" என்று யாராவது கேட்காமல் திரும்பியதில்லை. ஒரு கொத்தளம் தன்னோடு சேர்ந்த இரு சுவர்களின் முகப்பையும் காக்குமாகையால், நான்கு சுவர்களுக்கும் இரண்டு போதும். அம்புக்குப் பதில் குண்டு என்பதுதான் வேறுபாடு.

இனி இத்தகைய கட்டுரைகளுடன், கோட்டையின் வெளித்தோற்றப் படத்தோடு அதன் தரைப்படத்தையும் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பூநகரி.