அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் கை வீக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய் பற்றிக் கட்டுரைகள் வெளியிடுகிறீர்கள். மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) எடுக்கச் சொல்லி வலியுறுத்துகிறீர்கள். மிகவும் தேவையான பணி. ஆனால் சிகிச்சை முடிந்து மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்துக்கூட வரக்கூடிய கை வீக்கத்தைப் பற்றியும் எழுத வேண்டும்.

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையின்போது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். அப்புறம் கொஞ்ச நாளில் வலக்கை கனக்கத் தொடங்கியது. வளையல் ஏறவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி உடனே மறையவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், "எண்ணெய் போட்டு நல்லா அழுத்தி உருவி விடு" என்றார்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் இந்த வீக்கத்துக்கு அது ஆகாது.

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதியை மெல்லிய நிணநீர் நாளங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. அதுதான் நிணநீர். நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர், கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகள் வழியாக மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. தோலுக்குச் சற்றுக் கீழேயே தொடங்கும் இந்த நாளங்களின் சுவர், உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவு போன்றது. நீர் உள்ளே போகும், திரும்பி வராது. இதை ஓட்ட இதயம் மாதிரி தனி உறுப்பு கிடையாது. பெரிய நாளங்கள் தாமே சுருங்கித் தள்ளுகின்றன. நாம் கை காலை அசைப்பதும் மூச்சு விடுவதும் துணை செய்கின்றன. பலமாக அழுத்தினால் தோலடி நாளங்கள் நசுங்கிவிடும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தோலை லேசாக இழுத்து நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். காலில் அடிபட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது ஏன்? காயத்தில் நுழைந்த கிருமியின் துணுக்குகளைச் சில செல்கள் நிணநீர் வழியே கணுவுக்குச் சுமந்து வருகின்றன. அங்கே காத்திருக்கும் வெள்ளணுக்கள் அதை அடையாளம் கண்டு பெருகுகின்றன. கொரோனா தடுப்பூசி போட்டபோது சிலருக்கு அக்குள் வீங்கியதும் இப்படித்தான். அந்த வழி கெட்டுப்போன கையில் நீர் தேங்கும், கிருமியை எதிர்ப்பதும் தடுமாறும். காய்கறி நறுக்கும்போது படும் சின்னக் கீறலும், சொறிந்து புண்ணாக்கிய கொசுக்கடியும் போதும். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பயந்து கையை அசைக்காமல் வைத்திருக்கவும் கூடாது. படிப்படியாக, மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சி வீக்கத்தைக் கூட்டுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளவெடுத்துத் தரும் அழுத்த உறையும் (கையில் மாட்டும் இறுக்கமான உறை) உதவும். இப்போது பலருக்கு மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் சில கணுக்களை மட்டுமே எடுத்துச் சோதிப்பதால் இந்தத் தொல்லை குறைந்திருப்பது நல்ல சேதி.

நம் அம்மாக்களில் பலர் ஆங்கிலக் கையேட்டை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துவிடுகிறார்கள். இந்தப் பராமரிப்பில் அனுபவமுள்ள தாதி ஒருவரைக் கொண்டு தமிழில் கேள்வி-பதில் பகுதி ஒன்றை வெளியிடுங்கள். தோலைப் பார்த்துக்கொள்வது, உறையை மாட்டுவது, கைப் பயிற்சி இவற்றைப் படங்களோடு போட்டால் நல்லது. அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி