பிரஸ்ஸில் இருந்தவர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறக் கூடாதென்று டாக்டர் சொன்னால் நீ கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாய், தெரியாதா. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவள் புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எனக்கு வருகிற ஏப்ரலோடு பேங்க் முடிகிறது. அப்புறம் என்ன செய்யப்போகிறாய் என்று பார்க்கிறவரெல்லாம் கேட்கிறார்கள், நீ ஒருத்தன்தான் "அப்பாவைப் பத்தி எழுதுறேன்னியே, அது என்னாச்சு" என்று கேட்டிருக்கிறாய்.

நாற்பது பக்கம் எழுதினேன். எடுத்துப் படித்தால் எனக்கே பிடிக்கவில்லை. ஒரு பக்கத்தில் அவர் தியாகி மாதிரி வருகிறார், அடுத்த பக்கத்தில் பாவப்பட்ட ஜீவன் மாதிரி. நம் தெருவில் இருந்த மனுஷன் அந்த இரண்டிலும் இல்லை. உனக்கே தெரியும், சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போவார், அச்சாபீசில் நாள் பூராவும் கோர்க்கிற ஈய எழுத்துக்கு மாற்று என்று ராத்திரி தவறாமல் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவார், அதைப் பாதிகூட யாருக்கும் தரமாட்டார். இதெல்லாம் நான் எழுதினதில் எங்கே போச்சு என்றே தெரியவில்லை.

போன மாதம் ஒரு சின்னப் புத்தகம் படித்தேன், இங்கிலீஷில்தான். 2022இல் நோபல் வாங்கினாரே ஆனி எர்னோ, அந்த பிரெஞ்சுக்கார அம்மா, தன் அப்பாவைப் பற்றி எழுதியது. சுமார் நூறு பக்கம்தான். அந்த அப்பா பண்ணையில் மாடு பார்த்து, ஆலையில் வேலை செய்து, கடைசியில் நார்மண்டியில் இவ்தோ என்கிற சின்ன ஊரில் மளிகைக்கடையும் காபிக்கடையும் சேர்த்து நடத்தியவர். மகள் டீச்சர் பரீட்சை பாஸான இரண்டாவது மாதம், 1967இல், இறந்துபோகிறார். அந்த அம்மாவும் முதலில் அப்பாவை வைத்து நாவல்தான் எழுத ஆரம்பித்திருக்கிறார், பாதியில் அருவருப்பாக இருந்ததாம், விட்டுவிட்டார். பிறகு, படிக்கப் போன இடத்திலிருந்து வீட்டுக்கு எப்படிக் கடிதம் எழுதுவாரோ, முக்கியமான சேதியை மட்டும் வெறுமனே சொல்லி, அந்த நடையிலேயே எழுதியிருக்கிறார். அலங்காரம் கிடையாது. எனக்கு உடனே என் நாற்பது பக்கம் ஞாபகம் வந்தது, எவ்வளவு உவமை போட்டிருந்தேன் தெரியுமா? ஈயத்தின் பளபளப்பு, மையின் வாசனை, அது இது என்று. அந்த வாசனை அப்பாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் பார் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு இடம். அந்த அப்பா நோட்டரியிடம் போகிறார், "படித்துப் பார்த்துச் சம்மதித்தேன்" என்று தன் கையால் எழுத வேண்டும், எழுத்து தெரியாமல் தப்பாக எழுதிவிடுகிறார். அவர் பட்ட அவமானம் எனக்குப் புரிந்தது. ஆனால் எங்கள் வீட்டுக் கதை தலைகீழ் மாப்ளே. அப்பா எட்டாவதோடு நின்றவர், ஆனால் எங்கள் வீட்டில் எழுத்துப் பிழை கண்டுபிடிக்கிறவர் அவர்தான். பிரஸ்ஸுக்கு எம்.ஏ. படித்த வாத்தியார்கள் கொண்டு வருகிற கையெழுத்துப் பிரதியில் ஒற்று விட்டுப்போயிருந்தால் இவரே போட்டுவிடுவார். இங்கிலீஷும் கோர்ப்பார், ஒரு எழுத்து பிசகாமல், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல். எழுத்து தெரிந்தவர், படித்தவர் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் அவர் வாழ்நாள் முழுக்க நின்றார், நாள் பூராவும் நின்றுகொண்டு செய்கிற வேலை வேறு.

சாப்பாட்டுக் கேரியரோடு நீயும் இரண்டு மூன்று தடவை என்னோடு வந்திருக்கிறாய், மேலமாசி வீதிக்குப் பின்னால் அந்தச் சந்துக்கு. இடது கையில் எழுத்தை அடுக்குகிற ஸ்டிக், வலது கை எழுத்துப் பெட்டிகள் இருக்கிற கேஸில் ஒவ்வொரு பெட்டியாகப் போய் வரும், பார்க்கவே மாட்டார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருக்கும், அதையும் தலைகீழாக வைத்துக் கோர்ப்பது. கோர்த்து, நூல் சுற்றிக் கட்டி, புரூஃப் எடுத்து, திருத்தம் போட்டு, அச்சாகி முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி அதனதன் பெட்டியில் பிரித்துப் போட வேண்டும். கூலி பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான், பிரித்துப் போடுகிற நேரத்துக்குத் தனியாகக் காசு கிடையாது. இது எனக்கு அவருடைய நோட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. சின்ன நோட்டு, தேதி, பக்கம், வாங்கின அட்வான்ஸ், அவ்வளவுதான். இருபது வருஷத்துக் கணக்கில் ஒரு வாக்கியம் கூட இல்லை. பெருமாள் கோயில் தேர் என்று மட்டும் ஒரு நாள் எழுதியிருக்கிறார், அன்றைக்குப் பக்கம் பூஜ்யம்.

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது ஞாபகமிருக்கிறதா? நாம் ஏழாவதோ எட்டாவதோ. பெரியார் 1935லேயே குடி அரசில் பயன்படுத்திய மாற்றங்களில் சிலவற்றை எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டுக் கொண்டுவந்தது. துதிக்கை வைத்த லை, னை எல்லாம் போய் இப்போது எழுதுகிற மாதிரி ஆனது. தமிழய்யா வகுப்பில் மாறியது 13 எழுத்து என்று சொல்லிக்கொடுத்தார், நான் வீட்டில் வந்து பெருமையாக ஒப்பித்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "ஏழு பெட்டிடா" என்றார். ஐ வரிசையில் நாலு, ஆ வரிசையில் மூன்று, மிச்சம் ஆறும் கொம்பைப் பக்கத்தில் வைத்துக் கோர்ப்பதுதானே, தனி அச்சு எதற்கு. எனக்குக் கோபம் வந்தது. வாத்தியார் சொன்னால்தான் சரி என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி.

சரி, இனி நான் எழுதாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடமும் சொன்னதில்லை.

சென்னை வீட்டுப் பால்காய்ப்புக்கு அப்பா வந்திருந்தாரே, 2004. பிரஸ் மூடி எட்டு வருஷம் ஆகியிருந்தது, கம்ப்யூட்டரில் பக்கம் கோர்க்கிற டிடிபி வந்த பிறகு எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் எங்கள் மண்டல மேலாளர் குடும்பத்தோடு வந்தார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "சார் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்று மேலாளர் என்னிடம் கேட்டார். நான், "அப்பா பிரஸ்ஸில் இருந்தார்" என்றேன். பொய் இல்லை. அவர் முகம் மலர்ந்து, "அடடே, எந்தப் பத்திரிகை?" என்றார்.

நான் திருத்தவில்லை மாப்ளே. "மதுரையில" என்று சொல்லிவிட்டு ஸ்வீட் தட்டை நீட்டினேன். அப்பா தலையை ஆட்டினார், ஆமாம் என்பது மாதிரி. கொஞ்ச நேரத்தில் எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விட்டார், அவர்கள் கிளம்புகிறவரை வரவில்லை. ராத்திரி வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "உங்க ஆபீசர் குடுத்த வாழ்த்து அட்டையில ஒரு சந்திப்பிழை இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, சாகிறவரை சொல்லவில்லை.

நாற்பது பக்கத்திலும் இது இல்லை. அவர் பட்ட கஷ்டத்தையெல்லாம் எழுதினேன், நான் செய்ததை எழுதவில்லை. அவரைத் தூக்கி வைத்து எழுதினதே என்னை மறைக்கத்தானோ என்று இப்போது சந்தேகம். அந்த நாற்பதையும் கிழிக்கவில்லை, ஆனால் தொடரப் போவதில்லை. அந்த நோட்டு மாதிரியே, தேதி, நடந்தது, அவ்வளவோடு புதிதாக ஆரம்பித்திருக்கிறேன். ஆறு பக்கம் ஆகியிருக்கிறது. மொத்தத்தில் ஐம்பது தாண்டாது போலிருக்கிறது, தாண்டாவிட்டால் பரவாயில்லை.

உன்னால் ஒரு உதவி. உன் பெரியக்கா கல்யாணப் பத்திரிகை அப்பா கோர்த்ததுதான், 1976 என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் எங்காவது ஒரு காப்பி கிடந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. பழைய லை, னை போட்டது எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. நீ பரணில் ஏறாதே, பையனை ஏறச்சொல். அக்காவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்