வார்த்தைக்கு எட்டு சென்ட்

கோத்தகிரி,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. இங்கே வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து, அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். பச்சைத் தேயிலை விலை வழக்கம்போல யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. உன் முழங்கால் வலி என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பக்கம் பக்கமாக அக்கா மகளைப் பற்றியேதான்.

அவள் ஆங்கிலத்தில் அறிவியல் புனைவு எழுதுகிறாள், ஒரு பெண்ணைத்தான் நேசிக்கிறாள் என்று வீட்டில் சொல்லிவிட்டாள், இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதப்போகிறேன் என்கிறாள். இந்த மூன்றில் உன் தூக்கத்தைக் கெடுப்பது கடைசி ஒன்றுதான் என்று எழுதியிருந்தாய். நல்ல மாமன்டா நீ. எனக்கும் அந்த ஒன்றில்தான் வழக்கு.

வேலையை விட வேண்டாம் என்று சொல். கணக்கைப் போட்டுப் பார். அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் தொழில்முறைக் கூலி என்று ஒத்துக்கொள்வது வார்த்தைக்கு 8 சென்ட். 2019 வரை அது 6 சென்ட்தான். 4,000 வார்த்தைக் கதைக்கு 320 டாலர். கிளார்க்ஸ்வேர்ல்ட் போன்ற பத்திரிகை 14 சென்ட் தருகிறது, அதே கதைக்கு 560 டாலர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கை தேர்ந்தவர்களுக்கே வருஷத்தில் மூன்று நான்கு கதை விற்றால் அது நல்ல வருஷம். அதை வைத்து உங்கள் கொடைக்கானலில் வாடகை கொடுக்க முடியாது.

அவளுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் யூன் ஹா லீயைக் காட்டு. கொரிய வம்சாவளி அமெரிக்கர், திருநம்பி, கணிதம் படித்தவர். முதல் கதை 1999இல் வந்தது. சிறுகதைத் தொகுப்பு 2013இல். முதல் நாவல் 2016இல்தான். அந்த நாவலும் அதன் தொடர்ச்சியான இரண்டும் 2017, 2018, 2019 என வரிசையாக, அறிவியல் புனைவின் பெரிய விருதான ஹியூகோவின் இறுதிப் பட்டியலுக்குப் போயின. வெளியிலிருந்து பார்த்தால் திடீரென்று எழுந்தவர்போல இருக்கும். உள்ளே 17 வருஷச் சிறுகதை உழைப்பு கிடக்கிறது. கொழும்பிலிருந்து எழுதும் வஜ்ர சந்திரசேகரவும் அப்படித்தான்: பல வருஷம் சிறுகதை, 2023இல் முதல் நாவல், அதற்கு அந்த எழுத்தாளர் சங்கம் தரும் நெபுலா விருது. இந்தத் துறையில் பெயர் கட்டப்படுவது சிறுகதையில்தான் என்பது என் கட்சி. நேரடியாக நாவலில் இறங்கி ஜெயித்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிறுகதையில் தோற்றால் இழப்பது ஒரு மாதம், நாவலில் தோற்றால் மூன்று வருஷம்.

சிறுகதைக்கும் நாவலுக்கும் நடுவே ஒரு நல்ல படி இருக்கிறது, நாவெல்லா. ஹியூகோ கணக்கில் 17,500 முதல் 40,000 வார்த்தை. அமெரிக்காவின் டோர் பதிப்பகம் 2015இல் இதற்கென்றே தனி வரிசை தொடங்கியபிறகு, புதியவர்கள் உள்ளே நுழையும் வாசலாகவே அது ஆகிவிட்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த நியான் யாங் தன்னை ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடைத்துக்கொள்ளாதவர். 2013இல் சியாட்டிலின் கிளாரியன் வெஸ்ட் எழுத்துப் பட்டறையில் பயின்றார். 2017 செப்டம்பரில் அவருடைய இரண்டு நாவெல்லாக்கள் ஒரே நாளில் வெளிவந்தன. குழந்தைகள் தங்கள் பாலினத்தைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் வரை எந்தப் பாலினமும் இல்லாமல் வளரும் உலகம் அது. யாரும் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை, அது அங்கே வழக்கம், அவ்வளவுதான். அக்கா மகள் கவனிக்க வேண்டியது இந்த லாவகத்தை. பட்டறை ஆறு வாரம். விமானச் செலவும் விசாவும் தனி. வெள்ளையரல்லாத எழுத்தாளர்களுக்கு கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் பெயரில் உதவித்தொகை உண்டு. கொல்கத்தாவின் இந்திர தாஸ் அதில்தான் போனார்.

இனி அனுப்பும் முறை. எழுத்து 12 புள்ளி, டைம்ஸ் நியூ ரோமன் அல்லது கூரியர். இரட்டை வரி இடைவெளி. நாலு பக்கமும் ஓர் அங்குல ஓரம். முதல் பக்கத்தில் இடப்பக்கம் பெயரும் முகவரியும், வலப்பக்கம் வார்த்தை எண்ணிக்கை. அடுத்த பக்கங்களின் மேலே குடும்பப்பெயர், தலைப்பின் ஒரு சொல், பக்க எண். கூடவே போகும் கடிதம் மூன்று வரிக்குமேல் வேண்டாம்: தலைப்பு, வார்த்தை எண்ணிக்கை, முன்பு ஏதாவது வெளிவந்திருந்தால் அது. கதைச் சுருக்கம் எழுதினால் ஆசிரியர் கதையைப் படிக்குமுன்பே முடிவு தெரிந்துவிடும். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்பக்கூடாது என்பது இந்தத் துறையில் பெரும்பாலும் சட்டம் மாதிரி; இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டால் பெயர் கெடும். எந்தப் பத்திரிகை திறந்திருக்கிறது, எத்தனை நாளில் பதில் தருகிறது என்பதைச் சப்மிஷன் கிரைண்டர் என்ற தளம் இலவசமாகக் காட்டும். படிக்கக் கட்டணம் கேட்கும் இடத்துக்கு அனுப்பவே வேண்டாம்.

கடைசி நேரம் என்று அவர்கள் போடுவது பெரும்பாலும் அமெரிக்கக் கிழக்குக் கரை நள்ளிரவு. நமக்கு அது குளிர்காலத்தில் காலை பத்தரை, அவர்கள் கடிகாரத்தை மாற்றும் கோடையில் ஒன்பதரை. மழைக்காலக் கொடைக்கானலில் அந்த நேரத்தில் கரண்ட் இருக்கும் என்று எந்த தைரியத்தில் நம்புவது? முந்தின நாளே அனுப்பிவிடட்டும். இன்னொன்று, கதையை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு அனுப்பினால் அது ஏற்கெனவே வெளியான கதை. முதல் வெளியீட்டு உரிமை போய்விடும், நூறு லைக்குக்காக. 2023 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் கிளார்க்ஸ்வேர்ல்ட் வாசலையே சாத்திவிட்டுச் சில வாரம் கழித்துத் திறந்தது. ஆகையால் அந்தக் கருவிகளில் ஒரு பத்தியைக்கூட மெருகேற்ற வேண்டாம்.

கதைகள் திரும்பி வருவதற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம், கதை நாலாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. இரண்டாவது, நம்மவர்களுக்கே உரிய வியாதி: வெள்ளைக்கார வாசகனுக்காகப் பாத்திரங்கள் ஒன்றையொன்று பார்த்துப் பணியாரம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்கும். க்வியர் என்கிறார்களே, அந்தப் பால்புதுமையர் கதை என்றால் ஒருத்தி சாக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் உண்மையைச் சொல்லும் காட்சியோடு முடிய வேண்டும் என்ற வழக்கமும் ஆசிரியர்களுக்கு அலுத்துவிட்டது. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் என்ற பத்திரிகை, அடிக்கடி வந்து சலித்த கதைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அவளை வாசிக்கச் சொல், பாதி சிரிப்பாள், பாதி முகம் சுளிப்பாள். அதன் துணை இதழான சமோவார், மொழிபெயர்ப்பை மூலமொழியோடு சேர்த்தே வெளியிடுகிறது. அவள் தமிழிலும் எழுதுகிறாள் என்றாயே, அந்த வழியை விடக்கூடாது.

உரிமை விஷயம்தான் இந்தத் தொழிலின் உயிர். பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டியது ஆங்கிலத்தில் முதல் வெளியீட்டு உரிமை, குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் தனி உரிமை. அதன்பிறகு கதை திரும்ப அவளுடையது. தொகுப்புக்கு மறுபடி விற்கலாம், ஒலிவடிவம் தனி, தமிழ் தனி, சினிமா தனி. எல்லா உரிமையும் என்றோ கூலிக்கு எழுதிய படைப்பு என்றோ ஒப்பந்தத்தில் வந்தால் ஓடிவரட்டும். நாவலிலும் இதே தத்துவம், எல்லை பிரித்து விற்பது. இந்திர தாஸின் முதல் நாவல் 2015இல் பெங்குவின் இந்தியாவில் வந்தது, மறுவருஷம் அமெரிக்காவில் வேறு பதிப்பகத்தில், 2017இல் பால்புதுமையர் இலக்கியத்துக்கான லாம்ப்டா விருது. உலக உரிமை முழுவதையும் இங்கேயே எழுதிக் கொடுத்திருந்தால் அந்த இரண்டாவது விற்பனை அவர் கையில் இருந்திருக்காது. ஏஜெண்டுகள் 15 சதவீதம் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பு உரிமைக்கு 20 அல்லது அதற்குமேல். முன்பணம் கேட்கும் ஏஜெண்ட் ஏஜெண்டே அல்ல.

பெயர் பற்றிக் கேட்டிருந்தாய். புனைபெயரில் எழுதலாம், ஒப்பந்தமும் பணமும் சட்டப்பெயரில், கதையின்கீழ் புனைபெயர். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 6ஆம் தேதி விழுந்துவிட்டாலும் ஊர்வாய் அதோடு விழவில்லை. அவள் வீட்டில் சொல்லியிருக்கலாம், ஆசிரியருக்குச் சொல்லக் கடமை கிடையாது. ஆனால் தன்குறிப்பை ரொம்பவும் மொட்டையாக விடக்கூடாது. 2020 ஜனவரியில் கிளார்க்ஸ்வேர்ல்டில் ஒரு திருநங்கை எழுத்தாளரின் கதை புனைபெயரில் வந்தது. குறிப்பில் பிறந்த வருஷம் மட்டும். யாரோ திருநர் வெறுப்பாளர் மறைந்திருந்து எழுதியது என்று வாசகர்கள் கூட்டமாகப் பாய்ந்தார்கள். தான் யார் என்று வெளியே சொல்லும்படி ஆயிற்று, கதையும் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு வரி சாதாரணத் தகவல் போதும்: மலையூர், பார்க்கும் வேலை, வளர்க்கும் நாய்.

விருதுகளை அதிகம் நினைக்க வேண்டாம். ஒன்று மட்டும்: புதிய எழுத்தாளருக்கான அஸ்டௌண்டிங் விருதுக்குத் தகுதி, முதல் தொழில்முறைக் கதை வந்ததிலிருந்து இரண்டு வருஷம்தான், பிறகு கிடையாது. 2022இல் அதை வாங்கியவர் ஆசிய வம்சாவளி ஆஸ்திரேலியரான ஷெல்லி பார்க்கர்-சான். 2023இல் சீனாவின் செங்டுவில் நடந்த ஹியூகோ விழாவில் அதே விருதுக்குப் போதிய பரிந்துரை பெற்றிருந்த சீனக் கனடியர் ஷிரன் ஜே ஜாவோ காரணமே சொல்லாமல் நீக்கப்பட்டார். அடுத்த வருஷம்தான் விவரம் வெளியே வந்தது.

கதைக்கான விஷயத்துக்கு அவள் எங்கேயும் போக வேண்டாம். 1909இல் உங்கள் ஊர்ச் சூரிய ஆய்வகத்தில்தான் ஆங்கிலேய விஞ்ஞானி எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். இங்கே ஊட்டி பக்கத்து முத்தொரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி. மலைச்சரிவே அட்சரேகைக்குச் சமமாக, ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்திருப்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. ஒரே அச்சில் உருட்டினால் ஒன்பதரை மணிநேரம் ஒரு விண்பொருளைத் தொடரலாம். இதற்கு மேல் என்ன கற்பனை வேண்டும்? தோடர் கோயிலையும் குறும்பர் மந்திரத்தையும் அலங்காரத்துக்கு எடுப்பதை மட்டும் தவிர்க்கட்டும்; அவர்களும் வாசிக்கிறார்கள்.

பணம் பேபாலில் வரும், வங்கிக்கணக்கும் பான் எண்ணும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். காசோலை வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிடட்டும், டாலர் காசோலையை நம் வங்கிகளில் மாற்றுவதற்குள் கமிஷனில் நல்ல தொகை போய்விடும். அமெரிக்கப் பதிப்பகம், வெளிநாட்டவர் என்று காட்டும் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்கும்; அதைக் கொடுக்காவிட்டால் ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள், கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் 15தான். கையெழுத்திட்ட வருஷத்தை விட்டு மூன்றாம் வருஷக் கடைசி வரை அது செல்லும். பிடித்த வரியை இங்கே கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் பிடித்ததற்கான சான்றைக் கொடுக்கட்டும்.

முதல் ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு நகல் அனுப்பச் சொல். தனி உரிமை எத்தனை மாதம், பத்திரிகை மூடப்பட்டால் உரிமை தானாகத் திரும்புமா, இந்த இரண்டு வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
உன் கோத்தகிரிக்காரன்