மருந்துச் செலவை அரசே பார்த்துக்கொள்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் முதுமைக் கட்டுரையில், 'அமெரிக்காவில் 65 வயதானால் மருந்துச் செலவை அரசே பார்த்துக்கொள்கிறது' என்று ஒரு வரி இருந்தது. நியூஜெர்சியில் எழுபதைக் கடந்து வாழும் எனக்கு அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை.

65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1965-ல் வந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதில் மருந்துக்கான பகுதி, 'பார்ட் டி', 2006-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கான 2003 சட்டத்திலேயே, மருந்துக் கம்பெனிகளிடம் அரசு விலை பேசக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். கோடிக்கணக்கானவர்களின் மருந்துக்குப் பணம் கொடுக்கும் அரசு பேரமே பேசக்கூடாதாம்! 2022-ல் புதுச்சட்டம் வரும்வரை இதே கதைதான். ஒரு தொகைவரை திட்டம் கொடுக்கும்; அப்புறம் நம் தலையில் விழும் செலவு கூடிவிடும். 'டோனட் ஹோல்' என்று அதற்குப் பெயர்.

என் கணவருக்கு இதயத்துடிப்பு சீராக இருக்காது. ரத்தம் உறையாமலிருக்க எலிக்விஸ், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அப்படியொரு வருடக் கடைசியில் அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்தேன். காலை அறைகள் காலி. இரவு அறைகளில் மாத்திரைகள் அப்படியே இருந்தன. "கொஞ்சம் நீட்டிக்கலாம்னு பார்த்தேன்" என்றார். பக்கவாதம் வந்திருந்தால்? உழைத்த காலமெல்லாம் ஒழுங்காக வரி கட்டிய மனிதர்.

ஊரிலிருக்கும் தம்பியிடம் சொன்னால், "டாலர்ல சம்பாதிச்சவங்களுக்கு மாத்திரையெல்லாம் ஒரு செலவா?" என்கிறான். அவன் பேசுவதில் தப்பில்லை. உங்கள் பக்கங்களில் நாங்கள் பணக்காரர்களாக வருவோம், இல்லாவிட்டால் பெற்றோரைக் கைவிட்டவர்களாக வருவோம். முன்பும் இதுபற்றி எழுதினேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை.

நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2023 முதல் மெடிகேரில் இன்சுலின் மாதம் 35 டாலருக்குமேல் போகாது. 2025-ல் மருந்துக்கான கைச்செலவுக்கு வருடம் 2,000 டாலர் என்று வரம்பு வந்தது. 2026-ல் அது 2,100. அரசு விலை பேசியதும், 521 டாலர் பட்டியல் விலை இருந்த ஒரு மாத எலிக்விஸ் 231 டாலரானது. பேசினால் குறையும் என்பது 2003-லேயே தெரியாதா? இப்போதும் அந்த வருட வரம்பு, திட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துக்கு மட்டும்தான், பிரீமியம் தனி. ஊரில் பல கம்பெனிகள் விற்கும் இதே எலிக்விஸின் ஜெனரிக், அதாவது மற்ற கம்பெனிகள் செய்யும் மலிவான அதே மருந்து, காப்புரிமை வழக்குகளால் 2028 வரை இங்கே கடைக்கு வராது.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். இங்கே வேலை செய்திராத பெற்றோர், கிரீன் கார்டோடு ஐந்து வருடம் தொடர்ந்து இருந்த பிறகுதான் பொதுவாக மெடிகேரில் பணம் கட்டிச் சேர முடியும். உங்கள் வரியை நம்பி யாரும் சென்னை வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது. இடமிருந்தால், மருந்துத் திட்டத்தை மாற்றிக்கொள்ள வருடந்தோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அவகாசம் உண்டு என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
எடிசன், நியூஜெர்சி