அண்டி ஆபீஸ் கட்டடமும் ஒரு பலகையும்: பேரூராட்சி மன்றத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பூட்டிக் கிடக்கும் அண்டி ஆபீஸை, அதாவது பழைய முந்திரி ஆலையை, இடிக்காமல் சமுதாயக் கூடமாக்கப் போகிறீர்கள் என்று அறிந்தேன். நல்ல காரியம். ஆனால் வாசலில் வைக்கப்போகும் பலகையில் 'ஏழைப் பெண்களுக்கு வாழ்வளித்த ஆலை' என்று எழுதப் போகிறார்களாம். அதைத் திருத்தச் சொல்லித்தான் இந்த மடல்.

ஆலை நம் ஊருக்கு ஏன் வந்தது? முந்திரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் கொல்லம். அங்கே சங்கங்கள் பலமாகி, கேரள அரசு குறைந்தபட்சக் கூலியையும் நிர்ணயித்ததும், முதலாளிமார் பலர் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி இங்கே வந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்றே நம் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டது. கேரளத்துக் கூலி உத்தரவு இங்கே செல்லாது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த அண்டிகூட (தோட்டோடு இருக்கும் முந்திரிக்கொட்டை) இந்தக் குறைந்த கூலிக்காகத்தான் இங்கே லாரி ஏறியது.

உள்ளே போய்ப் பாருங்கள். வறுப்புக் கொட்டகையின் சுவர் இன்னும் கருப்பு. அடுத்த கூடத்தில் பெண்கள் குத்தவைத்து, கையில் சாம்பல் தேய்த்துக்கொண்டு, கட்டையால் ஒவ்வொரு அண்டியாகத் தல்லினார்கள், அதாவது தட்டி உடைத்தார்கள். சாம்பல் பூசினாலும் அண்டித் தோட்டின் எண்ணெய் விரலைப் புண்ணாக்கிவிடும். கல்யாண வீட்டில் கையை முந்தானைக்குள் மறைத்தவர்கள் எத்தனை பேர்! கூலியோ பருப்பின் எடைக்கு. ஏறக்குறைய 4 கிலோ அண்டி உடைத்தால் 1 கிலோ பருப்பு தேறும். நொறுங்கினால் ஏச்சு வேறு. பருப்பைத் தரம் பிரிக்கும் கிரேடிங் கூடத்துக்கு மட்டும் பெரிய ஜன்னல். பருப்பின் நிறம் தெரிய வேண்டுமே! 320 ரகம் என்றால் ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரை. அந்தக் கணக்கு பள்ளிக்கூடம் போகாத அம்மாமாரின் விரலுக்குத் தெரியும்.

அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அது உழைத்து வாங்கியது, யாரும் அளித்ததல்ல.

முதலாளி பெயர் பலகையில் இருக்கட்டும். அப்புறம் தல்லியவர்கள், தோல் உரித்தவர்கள், கிரேடிங் பார்த்தவர்கள் பெயரும் வரட்டும். பட்டியலுக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம், பழைய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. வறுப்புக் கொட்டகையில் ஒரு சுவருக்காவது வெள்ளையடிக்காமல் விடுங்கள்.

வாசகத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கு அந்த அம்மாமாரையும் அழையுங்கள். மறக்காமல் நாற்காலி போடுங்கள். தரையில் உட்கார இப்போது அவர்களுக்கு முட்டு ஒத்துழைப்பதில்லை.

இப்படிக்கு,
கிரேடிங் வேலை பார்த்த ஒருவரின் மகள்